பரங்கிமலையில் ஒரு கணவாய்

மணாலியிலிருந்து லே வரை சைக்கிள் மிதித்துவிட்டு வந்தவர்களை ஊரில் ஒரு நோய் பிடிக்கும். மயிலாப்பூர் மாடவீதியில் கீரைக்கட்டோடு வரும்போதும் கை கியரைத் தேடும். எனக்கு வந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையை ஒதுக்குங்கள்.

ஐந்து மணிக்குக் கபாலீசுவரர் குளத்தருகே கிளம்புங்கள். பட்டினப்பாக்கம் வழியாக அடையாறு திரு.வி.க. பாலம். அதை ஏற்றம் என்றால் லடாக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் மோரே சமவெளியில் பிற்பகல் எதிர்காற்றில் திணறியது நினைவிருக்கிறதா? அது வேண்டுமென்றால் ஒரு நாள் மாலை நாலு மணிக்கு இதே பாலத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு மிதித்துப் பாருங்கள்; கடற்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.

காலையில் நேரே சர்தார் படேல் சாலை. கிண்டி காட்டின் மரங்கள் தரும் குளிர்ச்சியை அவசரப்படாமல் அனுபவியுங்கள். கத்திப்பாராவில் மேம்பாலத்தின் மேல் ஏறாமல் கீழேயே போங்கள். அடுத்தது பரங்கிமலை.

உயரம் சுமார் 300 அடிதான். டங்லங் லா கணவாயின் உச்சியில் நாம் படம் எடுத்துக்கொண்ட பலகையில் இருந்தது 17,582 அடி. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. அந்தத் திணறலுக்குக் கொஞ்சமாவது ஈடாக, படிக்கட்டை விட்டுவிட்டு வண்டிப்பாதையில் ஏறுங்கள். சின்ன கியர் போட்டு, இருக்கையை விட்டு எழாமல், மிதிகளை எண்ணிக்கொண்டே. நான் கடைசி வளைவில் தொண்ணூறைத் தாண்டும்போது அந்தக் கணவாயின் பனி வாடை வந்துவிடும். பொய் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இந்த மலைக்கும் இமயத்துக்கும் மெய்யான உறவும் உண்டு. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி நீட்டி இங்கிருந்து பெரும்பாக்கம் பக்கமாகச் சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார். அந்தக் கோட்டில் தொடங்கிய முக்கோண வலைதான் வடக்கே வளர்ந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் எவரெஸ்ட் உயரத்தைக் கணக்கிட உதவியது. மலைமேல் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது; தேடிப் பாருங்கள்.

மேலே மாதா கோயிலில் ஞாயிறு திருப்பலி நடக்கும். அரைக்கால் சட்டையோடு உள்ளே போக வேண்டாம். பையில் ஒரு வேட்டி வைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது கண்ணுக்கு நேரே தெரியும். கீழே ராணுவப் பகுதி, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

திரும்பும்போது, ரோதங் கணவாயின் நெரிசலையும் நினைவுகூர ஆசை இருந்தால் மட்டும் பத்து மணிக்கு மேல் தி. நகர் உஸ்மான் சாலை வழியாக வாருங்கள். மற்றவர்கள் வந்த வழியே மயிலாப்பூர் காபிக்குத் திரும்பலாம்.

மார்கழியும் தையும் உத்தமம். சித்திரையில் ஏழு மணிக்குள் மலையிறங்கிவிடுங்கள். இறங்குமுன் பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.