டிஸ்க் பிளேயர் வாங்குமுன் சவுண்டுபாரைப் பாருங்கள்

பருப்பு மூட்டை இறங்கும்போது குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் யாரும் சரக்கை ஒப்புக்கொள்வதில்லை. மிளகாய் வற்றலை உடைத்து விதையைப் பார்க்கிறோம். வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்க்கிறோம். அதே நாம், பண்டிகைக்கு வீட்டுக்கென்று ஒரு மின்சாதனம் வாங்கப் போனால், அட்டைப் பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

டெலிவிஷனுக்குக் கீழே சவுண்டுபார் எனப்படும் நீள ஒலிபெருக்கியை வைக்கும் வழக்கம் நம் உறுப்பினர்கள் வீடுகளிலும் வந்துவிட்டது. அதற்குப் பொருத்தமாக ஒரு டிஸ்க் பிளேயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதே இந்த இதழின் பாடம். எல்லாம் கைப்பேசியில் வரும் காலத்தில் டிஸ்க் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மகளின் கல்யாண டிவிடி எந்த ஆப்பிலும் வராது. பழைய படங்களும் உரிமக்காலம் முடிந்தால் ஆப்பிலிருந்து காணாமல் போகின்றன. நம் பீரோவில் இருக்கும் தட்டு எங்கும் போகாது.

மொத்த மளிகை வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், சென்ற தீபாவளிக்கு டால்பி அட்மாஸ் என்று எழுதிய விலை உயர்ந்த சவுண்டுபார் ஒன்றும், 4கே புளூரே பிளேயர் ஒன்றும் வாங்கினார். கடையிலிருந்து வந்த பையன் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். சத்தம் நன்றாகவே வந்தது. ஆனால் மழைக் காட்சியில் மழை தலைக்கு மேலிருந்து பெய்யவில்லை. முன்னால் இருந்த பெட்டிக்குள்தான் பெய்தது. சவுண்டுபாரின் சிறு திரையில் 'பி.சி.எம்.' என்ற மூன்றெழுத்து மட்டும் தெரிந்தது. பிளேயரிலும் பழுதில்லை, பாரிலும் பழுதில்லை. பின் என்ன நடந்தது?

தட்டில் ஒலி எந்த விதமாகக் கட்டப்பட்டிருக்கிறது, எந்த வழியாக அது அனுப்பப்படுகிறது, போய்ச் சேரும் இடத்தில் அந்தக் கட்டைப் பிரிக்கத் தெரியுமா என்ற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கொடுத்த காசுக்குரிய ஒலி கிடைக்காது.

முதலில் கட்டும் விதம். 1982இல் வந்த ஆடியோ சி.டி.யில் இரண்டு தடங்கள், எந்தச் சுருக்கமும் இல்லாமல் உள்ளன. இதற்குத்தான் பி.சி.எம். என்று பெயர். கொட்டி வைத்த தானியம் போல. யாரும் பிரிக்க வேண்டியதில்லை, எல்லாச் சவுண்டுபாரும் இதை ஏற்கும். 1996இல் டிவிடி வந்தபோது, ஐந்து தடங்களும் அதிர்வு ஒலிக்கென ஒரு தனித் தடமும் சேர்ந்த 5.1 ஒலியை டால்பி டிஜிட்டல் என்ற முறையில் அழுத்திக் கட்டினார்கள். சி.டி.யின் இரண்டு தடங்களுக்கு நொடிக்கு 1411 கிலோபிட் தேவை. டிவிடியில் ஆறு தடங்களும் 448 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அழுத்தியதில் கொஞ்சம் சேதாரம் உண்டு. டி.டி.எஸ். என்பது இதே வேலையைச் செய்யும் வேறொரு நிறுவனத்தின் முறை. 2006இல் வந்த புளூரேயில் டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்ற இரண்டு முறைகள் சேர்ந்தன. இவற்றில் சேதாரமே கிடையாது. பிரித்தால் ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்தது அப்படியே வரும். உயரத்திலிருந்தும் ஒலியைத் தரும் டால்பி அட்மாஸ் 2012இல் திரையரங்குகளிலும் 2014இல் புளூரே தட்டுகளிலும் வந்தது.

பிளேயரின் அமைப்புப் பட்டியலில் 'பிட்ஸ்ட்ரீம்', 'பி.சி.எம்.' என்று இரண்டு சொற்கள் இருக்கும். மூட்டையைத் தையல் பிரிக்காமல் அப்படியே லாரியில் ஏற்றினால் அது பிட்ஸ்ட்ரீம். பிரிக்கும் வேலை சவுண்டுபாருடையது. நம் குடோனிலேயே பிரித்துக் கொட்டி அனுப்பினால் அது பி.சி.எம். பிட்ஸ்ட்ரீம் என்றால் உசத்தி, பி.சி.எம். என்றால் மட்டம் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். வாங்கும் இடத்தில் பிரிக்கத் தெரிந்தால் முன்னது, தெரியாவிட்டால் பின்னது. அவ்வளவுதான்.

இனி வழி. இங்கேதான் நம் உறுப்பினரின் பணம் சிக்கிக்கொண்டது. பையன் இணைத்தது பெட்டியோடு வந்த ஆப்டிகல் கேபிள். வெளிச்சமாக ஒலியை அனுப்பும் இந்தக் கேபிள் 1983 முதல் இருப்பது. இரண்டு தட பி.சி.எம்., டால்பி டிஜிட்டல் 5.1, டி.டி.எஸ். 5.1 ஆகியவற்றுக்கு மேல் இதில் ஏறாது. ட்ரூ எச்.டி. ஒலி நொடிக்கு 18 மெகாபிட் வரை போகக் கூடியது. அதை இந்தக் குறுகிய சந்துக்குள் நுழைக்க முடியாது. போதாக்குறைக்குப் பிளேயர் பி.சி.எம்.மில் இருந்ததால், 5.1 கூட இரண்டு தடமாகச் சுருங்கிப் போயிற்று.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் இன்னொரு வசதியும் உண்டு. இணைத்தவுடன் தனக்கு எவையெல்லாம் தெரியும் என்ற பட்டியலைச் சவுண்டுபாரே பிளேயருக்குத் தெரிவித்துவிடும். பிளேயரும் அதற்கேற்ப அனுப்பும். ஆப்டிகலில் பேச்சு ஒரு பக்கம்தான். பாருக்கு டி.டி.எஸ். தெரியாது என்பது பிளேயருக்குத் தெரிய வழியில்லை. அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், இங்கே மௌனமாகவோ இரைச்சலாகவோ இருக்கும். பிளேயர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுபோகப்படும் பெட்டிகளில் சில இந்த வகையாக இருக்கக் கூடும். அமைப்புப் பட்டியலில் பி.சி.எம். என்று மாற்றினால் அந்த மௌனம் தீரும்.

பலர் பிளேயரை டெலிவிஷனில் செருகி, அங்கிருந்து ஒரே கேபிளில் சவுண்டுபாருக்கு ஒலியை எடுக்கிறார்கள். டெலிவிஷனின் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய ஒன்றில் மட்டுமே இது நடக்கும். 2009இல் வந்த இந்த ஏ.ஆர்.சி. ஒரு நடுத்தர வழி. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்புகளில் வரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற அழுத்திய கட்டுக்குள் வருகிறது. நெட்ஃபிளிக்ஸில் அதன் உச்சம் 768 கிலோபிட். இது பெரும்பாலான ஏ.ஆர்.சி. வழியில் தாராளமாகப் போகும். புளூரே தட்டில் உள்ள அட்மாஸோ ட்ரூ எச்.டி. மூட்டைக்குள் இருக்கிறது, அது ஏ.ஆர்.சி.யில் போகாது. ஆகவே ஒரே டெலிவிஷன், ஒரே சவுண்டுபார், ஒரே படம். ஆப்பில் பார்த்தால் பாரின் திரையில் அட்மாஸ் என்று வரும், காசு கொடுத்து வாங்கிய தட்டைப் போட்டால் வராது! இதைச் சரி செய்ய 2017இல் அறிவிக்கப்பட்ட இ.ஏ.ஆர்.சி. என்ற அகலப் பாதை வேண்டும். அது டெலிவிஷனிலும் இருக்க வேண்டும், பாரிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயனில்லை.

நடுவில் டெலிவிஷன் தரகராக நிற்பதில் இன்னொரு தொல்லை, டி.டி.எஸ்.ஸை வாங்கிக் கடத்தாத டெலிவிஷன்கள் பல உண்டு. சவுண்டுபார்களிலும் அப்படியே. சோனோஸ் நிறுவனத்தின் பார்களுக்கு 2021 இறுதியில்தான் டி.டி.எஸ். பிரிக்கும் திறன் வந்தது. டால்பி முத்திரை டால்பியைப் பற்றி மட்டுமே பேசும், டி.டி.எஸ்.ஸுக்கு அது உத்தரவாதம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியில் '3டி சவுண்ட்' என்றும் 'சரவுண்ட்' என்றும் மட்டும் இருந்தால், அது எந்த முறையின் பெயரும் அல்ல, வெறும் விளம்பரம்.

டெலிவிஷனை நம்பாமல் இருக்க நேர் வழி, எச்.டி.எம்.ஐ. 'இன்' என்ற துளை உள்ள சவுண்டுபார். பிளேயரிலிருந்து பாருக்கு, பாரிலிருந்து டெலிவிஷனுக்கு என்று இணைத்துவிடலாம். நம் உறுப்பினரின் பாரில் அந்தத் துளை பின்பக்கம் சும்மா கிடந்தது. ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் மாற்றி, பிளேயரில் பிட்ஸ்ட்ரீம் வைத்து, 'செகண்டரி ஆடியோ' என்ற அமைப்பை அணைத்ததும் பாரின் திரையில் அட்மாஸ் வந்தது. (அந்த அமைப்பு, மெனுவின் டிக் டிக் ஓசையைப் படத்தின் ஒலியோடு கலப்பதற்காக மூட்டையைப் பிளேயரிலேயே பிரித்துவிடும். சில கம்பெனிகள் 'பி.டி. ஆடியோ மிக்ஸ்' என்று இதைக் குறிப்பிடும்.) பார் பழையது, 4கே படத்தைக் கடத்தாது என்றால், இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளித்துளைகள் உள்ள பிளேயரைக் கேளுங்கள். படம் ஒன்றில், ஒலி ஒன்றில் போகும். பானசோனிக்கின் டி.பி.-யூ.பி. 820 அந்த வகை.

எல்லோருக்கும் இத்தனை செலவு தேவையா என்றால், இல்லை என்பதே நம் கருத்து. பார் 2.1 வகையாக இருந்து, பார்ப்பது கல்யாண டிவிடியும் பழைய படங்களும் என்றால் சாதாரண டிவிடி பிளேயரே போதும். அந்தத் தட்டுகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டு தட ஒலி. 5.1 அனுப்பினாலும் 2.1 பார் அதை இரண்டாக மடித்துத்தான் ஒலிக்கும். பிளேயரைப் பி.சி.எம்.மில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பின்பக்கம் ஆறு ஒலித்துளைகள் இருக்கிறது என்று கூடுதல் விலை சொன்னால் தர வேண்டாம். அவை பழைய ஹோம் தியேட்டர் செட்டுக்கு உரியவை, சவுண்டுபாரில் அவற்றைச் செருக இடமில்லை. பிளேயரில் கோஆக்சியல் மட்டும், பாரில் ஆப்டிகல் மட்டும் என்றிருந்தால் நடுவில் ஒரு சிறு மாற்றிப் பெட்டி போதும். இவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: எழுதிய டிவிடி, விசிடி, எம்.பி.3 தட்டு மூன்றையும் பிளேயர் படிக்கிறதா என்பது. விலை உயர்ந்த புளூரே பிளேயர் எல்லாமும் விசிடியைப் படிக்கும் என்று எண்ணக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிளேயருக்கும் மண்டல எண் பார்க்க வேண்டும். நம் நாட்டு டிவிடிக்கு 5, அவர்களுடையதற்கு 3. புளூரேயில் நமக்கு சி, அவர்களுக்கு ஏ. 4கே தட்டுகளுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

ஆகவே கடைக்குப் போகுமுன் சவுண்டுபாரின் கையேட்டில் அது ஏற்கும் ஒலி முறைகளின் பட்டியலைப் பாருங்கள். எந்தத் துளையில் எதை ஏற்கும் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டில் அதிகம் போடும் மூன்று தட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் உங்கள் பாரின் மாடலே இருந்தால் இணைத்துப் போடச் சொல்லி, பாரின் திரையில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள். காதை விட அந்தத் திரை சரியான தராசு. கடை இரைச்சலில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

பிளேயர் செய்யும் கம்பெனிகள் குறைந்துவருகின்றன. ஓப்போ 2018இல் நிறுத்தியது. 2019இல் சாம்சங், அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல் இல்லை என்று அறிவித்தது. ஆகவே மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதிய பில், முத்திரை வைத்த உத்தரவாத அட்டை இரண்டும் கட்டாயம். கடைப் பெயரில் ஜி.எஸ்.டி. எண் போட்டுப் பில் வாங்கினாலும், வீட்டு உபயோகத்துக்கான பொருளுக்கு இன்புட் கிரெடிட் எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆடிட்டரிடம் கொடுக்கும் கட்டில் அந்தப் பில்லைச் சேர்க்க வேண்டாம். வீட்டுக்கு வாங்கிய பாட்டுத் தட்டைக் கடையில் வாடிக்கையாளர் கேட்க ஒலிபரப்புவதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால், பிளேயரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும் எண்ணம் உள்ளவர்கள் அதையும் விசாரித்துக்கொள்ளவும்.