பிரேக் பெடல் இறங்கினால் அலட்சியம் வேண்டாம்



நம் பகுதியில் பழைய ஜீப்பும் வேனும்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. விடியலில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஏறுவதும் சாயங்காலம் இறங்குவதும் அந்த வண்டிகளே. அவற்றில் போவோர் நம் தாய்மார்கள், சகோதரர்கள்.

நமது டிரஸ்ட் வேனிலேயே ஒரு பாடம் கற்றோம். ஒரே மாதத்தில் இரண்டு முறை பிரேக் ஆயில் குறைந்தது. இரண்டு முறையும் ஊற்றி நிரப்பினோமே தவிர, அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. குமுளியிலிருந்து லோயர்கேம்ப் இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. டிரைவர் பதறாமல் பெடலைப் பலமுறை மிதித்து, கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து நிறுத்தினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் காயமில்லை. கழற்றிப் பார்த்தபோது, பின்சக்கர வீல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, ஆயில் டிரம்முக்குள் கசிந்திருந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு இவற்றைப் பாருங்கள்:

1. முதல் மிதியில் ஆழமாகப் போய், உடனே மறுபடி மிதித்தால் உயரமாகவும் கெட்டியாகவும் நிற்கிறதா? பெரும்பாலும் பின் பிரேக் ஷூ தேய்ந்து டிரம்முடன் இடைவெளி கூடியிருக்கும். லைனிங்கைப் பார்த்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

2. மிதிக்கும்போது பஞ்சுபோல் அமுங்குகிறதா? குழாயில் காற்று இருக்கலாம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும்; அதனால்தான் மிதியின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏர் எடுத்த பிறகும் அப்படியே இருந்தால், பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்தபடி இருக்கையில் பெடல் மெதுவாக இறங்குகிறதா? எங்கோ கசிவு உண்டு. அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. வெளியே ஈரம் இல்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மீதுதான். இந்த வண்டியை ஓட்டவே கூடாது.

4. சமவெளியில் சரியாக இருந்து, நீண்ட இறக்கத்தில் மட்டும் மெத்தென்று ஆகிறதா? ஆயில் பழையதாகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை, புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 140 டிகிரிதான். சூட்டில் அது கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போல அமுங்கும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுவது நல்லது.

ஒரு விளக்கம்: பூஸ்டர் உள்ள வண்டியில் பெடலை மிதித்தபடி எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், பெடல் சற்றே இறங்கும். அது கோளாறு அல்ல; பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம்.

அவசரத்துக்கு என்று எஞ்சின் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றிவிடாதீர்கள். ரப்பர்கள் ஊதிக் கெட்டு, பிரேக் முழுதும் போய்விடும். வெளியே எடுத்த ஆயிலையும் திரும்ப ஊற்றக் கூடாது. பல பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே இணைப்புதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ ஓட்டாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நமக்குக் கற்றுத்தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். வண்டியில் ஏறி அமரும் ஒவ்வொரு உயிரும் ஓட்டுபவரிடம் தரப்பட்ட அமானத். ஒருநாள் வாடகை போகிறதே என்று, பெடல் இறங்கும் வண்டியை மலைக்கு எடுக்க வேண்டாம். வீட்டிலுள்ள தாய்மார்களும், "பிரேக் பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டு அனுப்புங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பானதாக ஆக்குவானாக! ஆமீன்.