அசைன்மென்டுக்கு யாரிடம் போவது?

பருவத்தேர்வு நெருங்கிவிட்டால், கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் ‘அசைன்மென்ட், ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற அட்டை தொங்கும். பொறியியல் மாணவர்கள் மட்டும் நின்ற அந்தக் கடைகளில் இப்போது சமூகப்பணி, சிறப்புக் கல்வி மாணவர்களும் நிற்கிறார்கள். “எல்லாரும் அங்கதான்பா கொடுக்கிறாங்க” என்கிறது பிள்ளை. “மார்க் மட்டும் குறையக் கூடாது, காசு நான் தர்றேன்” என்கிறார் அப்பா. மாற்றுத்திறனாளிகள் பற்றிய தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறவன் என்ற முறையில், எந்த உதவி எதற்கு ஆகும் என்று சொல்லிவைக்கிறேன்.

தெரிந்த வழிகளை நீட்டி முழக்க வேண்டாம். கேள்வி புரியவில்லையா, பாடம் நடத்தியவரைக் கேளுங்கள். புத்தகம் வேண்டுமா, நூலகரைக் கேளுங்கள். சீனியரின் பழைய நோட்டை வடிவத்துக்கு மட்டும் பாருங்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதத் திணறுகிறவர்கள், தாங்களே எழுதியதை நண்பரிடம் கொடுத்துப் பிழை திருத்திக்கொள்ளலாம். சாட்ஜிபிடி ஒரு கருத்தை விளக்கிச் சொல்லும். ஆனால் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்க எண் கொடுத்துவிடும். சரிபார்க்காமல் எடுக்காதீர்கள்.

பார்வையற்ற மாணவர்களுக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது; படிக்கத்தக்க வடிவில் நூல்கள் தரும் சுகம்ய புஸ்தகாலயா 2016 முதல் இயங்குகிறது. சொல்வதை எழுதித் தர ஒருவரை வைத்துக்கொள்வதும் உரிமைதான். 40 சதவீத ஊனச் சான்று இல்லாதவருக்கும் அந்த வசதியை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதைக் காப்பி அடிப்பதோடு சேர்த்துப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

இனி, காசு கொடுத்து எழுதி வாங்கும் வழிக்கு வருகிறேன். இதற்கு இருக்கும் மவுசுக்கும் சரக்குக்கும் சம்பந்தமே இல்லை. முதலில், அந்தச் சரக்கு பழையது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஊன வகைகள் 7. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21. அரசு வேலையில் இட ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆகிவிட்டது. கடையில் வாங்கிய தாளில் இன்னும் 7 வகையும் 3 சதவீதமும்தான் இருக்கும். முதல் பத்தியைத் தாண்டாமலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, எழுதுகிறவருக்கு இந்தத் துறை பிடிபடுவதில்லை. பிரிட்டனில் உடற்குறையாளர்களே சேர்ந்து 1976-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்: உடலில் இருப்பது குறை; முடக்குவது சமூகம். அதிலிருந்து அறிஞர் மைக் ஆலிவர் 1983-இல் சமூக மாதிரியை உருவாக்கினார். கடைத் தாளில் இரண்டாம் பக்கத்தில் சமூக மாதிரிக்குப் புகழ்மாலை. நான்காம் பக்கத்தில் ‘இவர்கள் மீது கருணை காட்ட வேண்டும்’ என்ற அறிவுரை. எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள் என்பது உலகெங்கும் மாற்றுத்திறனாளி இயக்கங்களின் முழக்கம். அவர்களில் ஒருவரிடம்கூட உட்கார்ந்து பேசாத ஒருவர், பேசாத இன்னொருவருக்காக எழுதிய தாளை நான் எந்த மனதோடு திருத்துவது?

மூன்றாவது, ஆபத்து. வைவாவில் இரண்டே கேள்வியில் குட்டு வெளிப்படும். ஆய்வேடு என்றால், யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் திருத்தித் தர வேண்டும்; 40-ஐத் தாண்டினால் ஓராண்டுத் தடை; 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அப்போது ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார்.

என்னைக் கேட்டால், இந்தத் துறையில் வெளியுதவி என்பது களம்தான். அணுகல்தன்மை பற்றி எழுத வேண்டுமா? டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடி நீளமாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த மரப்பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது; பராமரிப்பு பற்றி எழுத அதைவிட என்ன வேண்டும்? மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், உள்ளூர்ச் சங்கம், சிறப்புப் பள்ளி, சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் என்று கதவுகள் நிறைய. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். இப்படி அளந்து, கேட்டு எழுதிய தாளுக்கு, ஆங்கிலம் தடுக்கினாலும், என் பேனா தாராளமாகவே மார்க் போடும். பாரபட்சம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் பெற்றோருக்கு. வேறு இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளையைச் சிறப்புக் கல்விப் படிப்பில் சேர்த்தவர்கள் பலர். நாட்டம் இருக்கிறதா என்பதை முதல் அசைன்மென்டே காட்டிக்கொடுத்துவிடும்; அதையும் விலைக்கு வாங்கிக் கொடுத்தால் எப்படித் தெரியும்? பேச்சு வராத ஒரு குழந்தை ‘தண்ணி’ என்று சொல்ல மாதக்கணக்கில் உடனிருக்க வேண்டிய வேலை இது. நாலு பக்கம் எழுதும் பொறுமையை இப்போதே பழகாதவர்கள் அந்த வகுப்பறையில் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். மார்க் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். அடுத்த பருவத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.