அக்ரிலிக் வண்ணம்: இளையோர்க்கு ஒரு முதற்பாடம்

சென்ற கோடை விடுமுறையில், மாத்தூரில் எமது அடுத்த தெருவில் வசிக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வண்ணப் பெட்டி ஒன்றைக் கையில் ஏந்தி எம்மிடம் வந்தாள். பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த அக்ரிலிக் வண்ணங்கள் அதில் இருந்தன. விறகுச் சுள்ளியைப்போல் இறுகிப்போன தூரிகையை எடுத்துக் காட்டி, “டீச்சரம்மா, எனக்குப் படம் வராது, இது இனிமேல் வேண்டாம்” என்றாள். கண்களில் நீர் நின்றது.

அவள் தீட்டிய படத்தையும் பார்த்தோம். எண்ணூர்க் கடற்கரையில் நிற்கும் ஒரு படகு. கோடுகள் நன்றாகவே அமைந்திருந்தன. குறை அவள் கையில் இல்லை; வண்ணத்தின் இயல்பை எவரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதே குறை. அந்த விடுமுறையில் அவளுக்குக் கற்பித்ததையே நம் இளைய வாசகர் அனைவருக்குமாக இங்கு எழுதுகிறோம். பெற்றோரும் உடனிருந்து படித்தல் நலம்.

வண்ணத்தின் இயல்பு

அக்ரிலிக் வண்ணம் என்பது நிறப்பொடியைச் செயற்கைப் பிசினோடு சேர்த்து ஆக்கியது. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக நிற்பதுபோல, அப்பிசின் நீரில் நுண்துளிகளாக நிற்கும். தாளில் தீட்டியதும் நீர் ஆவியாகிறது. பிசின் துளிகள் நெருங்கி இணைந்து மெல்லிய படலமாகின்றன. அப்படலம் மீண்டும் நீரில் கரையாது. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் பாடத்தில் பாதி முடிந்தது எனலாம்.

பள்ளியில் பயன்படுத்தும் நீர்வண்ணம் உலர்ந்த பின்னும் ஈரத் தூரிகை பட்டால் கரையும். எண்ணெய் வண்ணம் உலர நாட்கள் பல ஆகும். தூரிகையைக் கழுவ டர்பன்டைனும் வேண்டும். அக்ரிலிக் வண்ணமோ ஈரமாக உள்ளவரை நீரிலேயே கழுவப்படும். உலர்ந்தபின் நீருக்கு அசையாது. மெல்லிய பூச்சு அரைமணி நேரத்திற்குள் உலரும். சித்திரை வெயிலில், மின்விசிறியின் கீழ், சில நிமிடங்களே போதும். அச்சிறுமியின் தூரிகை இறுகியதற்குக் காரணம் இதுவே. சாப்பிட அழைத்தார்கள் என்று அதை அப்படியே வைத்துவிட்டுச் சென்றிருக்கிறாள்.

இவ்வண்ணம் பழமையானதன்று. மெக்சிகோ நாட்டுச் சுவரோவியர் சிக்கெய்ரோஸ் 1936இல் நியூயார்க்கில் ஒரு பயிற்சிக்கூடம் அமைத்து, தொழிற்சாலைகளில் பயன்படும் புதிய வண்ணங்களை ஓவியத்திற்குச் சோதித்தார். நீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் 1950களின் நடுவில் அமெரிக்காவில் ஓவியர்களுக்கென விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர் எழுதுபொருள் கடைகளிலும் அது கிடைக்கிறது.

வேண்டிய பொருள்கள்

பன்னிரண்டு நிறங்கள் தொடக்கத்தில் தேவையில்லை. வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்பு ஆகிய ஐந்தும் போதும். வெள்ளை விரைவில் தீரும். அதை மட்டும் பெரிய குழாயாக வாங்குக. கறுப்பு வேண்டியபோது நீலத்தையும் பழுப்பையும் சேர்த்தால் ஆழ்ந்த கருநிறம் கிடைக்கும். இதில் நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ‘ஐவரி பிளாக்’ என்ற பெயரில் வழங்கும் கறுப்பு, எலும்புக் கரியிலிருந்து செய்யப்படுவது. அதனை வாங்காமலே ஓவியம் தீட்டலாம்.

தூரிகையிலும் அவ்வாறே. விலங்கின் மயிரால் ஆன தூரிகை அக்ரிலிக்குக்குத் தேவையில்லை. நைலான் தூரிகையே இதற்கு ஏற்றது, நெடுநாள் உழைப்பது. அரை அங்குல அகலத்தில் தட்டையானது ஒன்று, நடுத்தர அளவிலும் சிறிய அளவிலும் கூர்நுனி உடையவை இரண்டு என மூன்று போதும். வண்ணம் கலக்கப் பழைய பீங்கான் தட்டு ஒன்று, நீருக்கு இரண்டு கிண்ணங்கள், துடைக்கப் பழந்துணி, மேலுக்கு அப்பாவின் பழைய சட்டை. துணியில் உலர்ந்த கறை போகாது என்பதை மறவாதீர். தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் அறவே கூடாது.

முதலில் தளம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது முதுமொழி. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலைக் கண்டவர் இதனை உணர்வர். அங்குள்ள குடைவரையை, அவனிபசேகர ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. பாறையின் மீது நேரே வண்ணம் தீட்டிவிடவில்லை. சுண்ணக் காரை பூசி, மேலே மெல்லிய சுண்ண வெள்ளை அடித்துத் தளத்தைச் செம்மை செய்த பின்னரே தாமரைத் தடாகம் எழுந்தது. பல நூற்றாண்டுகள் கடந்தும் அதன் ஒரு பகுதி இன்றும் நம் கண்முன் நிற்கிறது.

நமக்கு அத்தனை உழைப்பு வேண்டியதில்லை. தடித்த அட்டை ஒன்றை எடுத்து, ‘ஜெஸோ’ எனப்படும் வெள்ளைத் தளப்பூச்சை ஒருமுறை கிடையாகப் பூசுக. உலர்ந்தபின் மறுமுறை நெடுக்காகப் பூசுக. கடைகளில் கிடைக்கும் கேன்வாஸ் அட்டையில் இப்பூச்சு முன்னரே இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள பரப்பில் அக்ரிலிக் ஒட்டாது. கையைக் கழுவிவிட்டே தொடங்குக.

தீட்டும் முறை

வண்ணத்தைப் பட்டாணி அளவே பிதுக்குக. மிகுதியாக எடுத்தால் தட்டிலேயே உலர்ந்து வீணாகும். நீரைத் தேவைக்கு மட்டும் சேர்க்க. நீர் மிகுந்தால் பிசினின் பிடிப்புக் குறையும். ஈரத்தில் காணும் நிறம் உலர்ந்தபின் சற்றுக் கருமையாகும். ஆகவே புதிய கலவை ஒவ்வொன்றையும் துண்டுத் தாளில் தீட்டி உலரவிட்டுப் பார்க்க.

தொலைவில் உள்ளதை முதலிலும் அருகில் உள்ளதைப் பின்னரும் தீட்டுதல் எளிது. வானம், பின் கடல், பின் மணல், இறுதியில் படகு. ஒன்று உலர்ந்த பின்னரே அதன்மேல் அடுத்ததை வைக்க வேண்டும். பாதி உலர்ந்த வண்ணத்தை மீண்டும் தேய்த்தால் அது பிய்ந்து வரும்.

இடையே எழ நேர்ந்தால் தூரிகையை நீரில் அலசிவிட்டே எழுக. முடிவில் சோப்பிட்டுக் கழுவி, நுனியை விரலால் சீராக்கி, படுக்கை நிலையில் உலரவிடுக.

பிழையும் திருத்தமும்

இங்கே எமது பிழை ஒன்றையும் கூறவேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த முதலாண்டுகளில், பிள்ளைகளின் படங்களில் தவறான இடங்களைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினோம். கணக்கைத் திருத்துவதுபோல் படத்தையும் திருத்தலாம் என எண்ணினோம். நன்றாக வரைந்துகொண்டிருந்த மாணவன் ஒருவன் அதன்பின் வெற்றுத் தாளையே நீட்டத் தொடங்கினான். காரணம் எமக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று.

அக்ரிலிக் வண்ணத்தில் ஆசிரியரின் சிவப்பு மை தேவையில்லை. பிழைபட்ட இடத்தை உலரவிட்டு, அதன்மேல் வெள்ளையைப் பூசி, அதுவும் உலர்ந்தபின் பிள்ளையே மறுபடி தீட்டலாம். வெள்ளை பூசாமல் சிவப்பின் மேல் மஞ்சளைத் தீட்டினால் சிவப்பு மறையாது; இது பலர் செய்யும் தவறு. கையின் பிழையை இவ்வண்ணம் எத்தனை முறையும் பொறுக்கும். கழுவாத தூரிகையை ஒருமுறையும் பொறுக்காது. திறமையைப் பற்றிய கவலையைப் பின்னுக்குத் தள்ளி, பழக்கத்தை முன்னே வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

கழுவிய நீர்

அக்ரிலிக் பிசின் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. தூரிகை கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றினால் அது நீர்நிலைகளைச் சேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததையும், மீனவர் வலைகளும் படகுகளும் கருமை படிந்ததையும் நம் பகுதியினர் மறந்திருக்க இயலாது. நம் கிண்ணத்து நீர் மிகச் சிறிதுதான். எனினும் நம் கையில் உள்ள அளவுக்கு நாம் பொறுப்பாவோம். கழுவும் முன்னரே தூரிகையைப் பழந்துணியில் நன்கு துடைக்க. எஞ்சிய நீரைப் பழைய வாளியில் சேர்த்து வெயிலில் வற்றவிட்டு, அடியில் படிந்ததைக் குப்பையில் சேர்க்க.

செய்து பார்க்க

1. வெள்ளையில் நீலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வெளிர் நிறம் முதல் ஆழ்நிறம் வரை ஐந்து கட்டங்கள் தீட்டுக.

2. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் இரண்டிரண்டாகக் கலந்து கிடைப்பவற்றைக் குறித்து வைக்க.

3. சன்னலோரம் மாம்பழம் ஒன்றை வைத்து, ஒளிபடும் பக்கத்தையும் நிழற்பக்கத்தையும் நோக்கித் தீட்டுக.

4. வாய்ப்புள்ளோர் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்திற்குச் சென்று வருக. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் 1966இல் அமைத்த ஊர் அது. ஓவியத்தின் பக்கவாட்டில் நின்று, வண்ணம் எத்தனை அடுக்காக ஏறியுள்ளது என்று பார்க்க.

அச்சிறுமி புதுத் தூரிகையுடன் அதே அட்டையில் தன் படகை நான்கு முறை தீட்டினாள். வாசல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பிடித்தால், பழைய படகுகளின் விளிம்புகள் அடியில் மெல்லிய மேடுகளாகத் தெரிகின்றன. அவற்றைத் தேய்த்துவிடலாமா என்று கேட்டோம். “இருக்கட்டும் டீச்சரம்மா” என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவச் சென்றாள்.