வாய்க்காலில் மணல் படிவதும் அதனைத் தடுக்கும் முறையும்

குளத்தில் நீர் இருந்தும், துரிசு திறந்திருந்தும், வாய்க்காலின் கடைக்கோடியிலுள்ள காணிக்கு நீர் எட்டாமற் போவதுண்டு. வாய்க்காலின் அடியிற் படிந்த மணலே பல இடங்களில் இதற்குக் காரணமாகும். அது வரும் வழியைக் கமக்காரர் அறிந்துகொண்டால் தடுத்தல் எளிது.

மணல் நகரும் விதம்

ஓடும் நீர் மண்ணை மூன்று விதமாகக் கொண்டுசெல்லும். 0.002 மில்லிமீற்றரிலும் சிறிய களித்துணிக்கைகள் நீருடன் கலங்கிச் செல்லும். சிறுகற்களும் பருமணலும் அடியில் உருண்டு செல்லும். இடைத்தரமான மணல் தத்தித் தத்திச் செல்லும்.

நீரின் வேகம் இருமடங்கானால், அதனால் உருட்டக்கூடிய கல்லின் நிறை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது கணக்கு. ஆகவே வேகம் சிறிது குறைந்தாலும் மணல் படியத் தொடங்கும். வாய்க்கால் அகன்ற இடத்திலும், புல் அடர்ந்த இடத்திலும், மாடுகள் மிதித்த இடத்திலும் மணல்மேடு தோன்றுவது இதனாலேயே.

மணல் வரும் இடம்

குளத்தில் நீர் தங்கி நிற்பதால் பருமணல் அங்கேயே அடங்கிவிடும். துரிசினால் வெளிவரும் நீரில் மணல் மிகக் குறைவு. எனவே குளத்தின் கீழுள்ள வயல் வாய்க்காலிற் படியும் மணல் பெரும்பாலும் அவ்வாய்க்காலின் கரையிலிருந்தும் அயல் நிலத்திலிருந்தும் வந்ததேயாம். ஆற்று அணைக்கட்டிலிருந்து நேரே நீர் பெறும் வாய்க்கால்களில் ஆற்று மணலும் சேரும்.

செய்யவேண்டியவை

1. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நீர் விடுமுன் வாய்க்காலைத் துப்புரவு செய்க. வாரிய மண்ணைக் கரையின் விளிம்பிற் குவித்தல் கூடாது. அடுத்த மழை அதனை மீண்டும் உள்ளே கொண்டுவரும். கரையின் வெளிப்புறத்திற் போட்டு இறுக்குக.

2. அடியை ஒரே சீரான சரிவாக வெட்டுக. ஓரிடத்தை மட்டும் ஆழமாக்கினால் நீர் அங்கே தயங்கும். குழி மணலால் நிரம்பும்.

3. அடியில் வளரும் புல்லை வேருடன் அகற்றுக. கரையிலுள்ள புல்லை வெட்டிவிடுக, வேரைப் பிடுங்கற்க. அவ்வேரே கரையைப் பிடித்து நிற்பது.

4. மாடுகள் கடப்பதற்கு ஓரிடத்தைக் கல் பரப்பி ஒதுக்குக.

5. கரையை வெட்டி நீர் பாய்ச்சாது, குழாய் வைத்துப் பாய்ச்சுக.

மேற்காணிக்காரர் கரையிற் குவிக்கும் மண் கீழ்க்காணிக்காரரின் நீரை மறிக்கும். ஆதலால் ஒரு வாய்க்காலின் கீழுள்ள கமக்காரர் அனைவரும் ஒரு நாளைக் குறித்து, தலைப்பிலிருந்து கடைக்கோடி வரை ஒருங்கே துப்புரவு செய்வதே சிறந்தது.