கூரையில் நிற்கும் டிஷ் யாருடையது?

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக் கூரைகளை ஏறிட்டுப் பார்த்தால் தகரத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது டிஷ்தான். மலைகளுக்கு நடுவே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் இடங்களில் சாதாரண அன்டெனாவுக்குப் படம் ஒழுங்காக விழுவதில்லை. தமிழ் நிகழ்ச்சி பார்க்க வேண்டுமென்றால் வானத்தை நோக்கி டிஷ் வைக்கத்தான் வேண்டும். டிவி பார்ப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து மாலை வரை சரிவில் நின்று கொழுந்து பறித்தவர் இரவில் ஒரு மணி நேரம் நாடகம் பார்த்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் இங்கே படிக்க வேண்டியது வேறொரு விடயம்: அந்த டிஷ்ஷும் பெட்டியும் யாருடையவை? காசு கொடுத்தவருடையவையா, கொடுத்தவனுடையவையா?

இதை ஏன் கேட்க வேண்டும்? 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதிலும் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 போகிறது. கடைப்பற்று, பண்டிகை முற்பணம் என்று செக்ரோலில் வேறு வெட்டுகள். இப்படிப்பட்ட வருமானத்தில் டிஷ்ஷுக்குப் போகும் பணம் சின்னப் பணமல்ல.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நமது இளைஞர்கள் "லீசிங்" என்ற சொல்லை ஓட்டோ மூலம் அறிந்திருக்கிறார்கள். தவணை கட்டி முடியும் வரை வாகனப் புத்தகத்தில் முழு உரித்தாளராகக் கொம்பனியின் பெயர் இருக்கும். கட்டி முடித்தால் வாகனம் நமது பெயருக்கு வரும்; கட்டாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். டிஷ் பெட்டியை வாடகைக்கு எடுப்பது அப்படியல்ல. பத்து வருடம் வாடகை கட்டினாலும் பெட்டி கொடுத்தவனுக்கே சொந்தம். ஓட்டோ அனுபவத்தை மனதில் வைத்துக்கொண்டு "கட்டிக் கட்டி எனக்கே வந்துவிடும்" என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இந்த ஏமாற்றம் படிப்பறிவில்லாதவர்களுக்கு மட்டும் வருவதுமல்ல. அமெரிக்காவில் டைரக்டிவி என்ற பெரிய செய்மதித் தொலைக்காட்சிக் கொம்பனி 2006 மார்ச்சில் பெட்டிகளை விற்பதை விட்டு வாடகைக்குக் கொடுக்கும் முறைக்கு மாறியது. வாடிக்கையாளர் தொடக்கத்தில் ஒரு தொகை கொடுத்தே பெட்டியை எடுத்தார். ஆனாலும் பெட்டி அவருடையதல்ல, இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்பணம் கொடுப்பது ஒன்று, விலை கொடுப்பது இன்னொன்று. ரசீதில் எழுதியிருப்பது எது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2007இல் டிஷ் கொம்பனிகளுக்கு விதி செய்தது: பெட்டியை முழு விலைக்கும், தவணைக்கும், வாடகைக்கும் கொடுக்க வேண்டும், எதை எடுப்பது என்பது வீட்டுக்காரரின் விருப்பம். அதற்கு முந்திய வருடம் கேபிள் பெட்டிகளுக்குச் சென்னை போன்ற நகரங்களில் அதே ஆணையம் இரண்டு வாடகை முறைகளை வகுத்தது. ஒன்றில் வைப்புப் பணம் 999 ரூபாய், மாத வாடகை 30. மற்றதில் வைப்புப் பணம் 250, மாத வாடகை 45. ஏழைக்கு உதவும் என்றுதான் இரண்டாவதை வைத்திருப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையில் 749 ரூபாய் குறைவாக இருப்பவர் மாதம் 15 வீதம் வருடத்துக்கு 180 ரூபாய் கூடக் கொடுக்கிறார். அது ஏறத்தாழ நூற்றுக்கு 24 வட்டி! கையில் காசில்லாதவனுக்கு எல்லாமே விலை கூடத்தான். மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிப் போட்டுக் காட்டலாம்; வட்டிக் கடன் பற்றிப் பேசவும் அது உதவும்.

அப்படியானால் முழு விலை கொடுத்து வாங்குவதே மேல் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக்கூடாது. டிஷ்ஷும் கம்பியும் எந்த வீட்டிலும் வேலை செய்யும். பெட்டி அப்படியல்ல. அதன் உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. திறப்பு கொம்பனியிடம் இருக்கிறது. மாதக் காசு போடாவிட்டால் படம் வராது. ஒரு கொம்பனியின் பெட்டியில் இன்னொரு கொம்பனியின் கார்டைப் போட்டுப் பார்க்கவும் முடியாது. எந்தப் பெட்டியிலும் எந்தச் சேவையும் வர வேண்டும் என்று 2020 ஏப்ரலில்கூட அந்த ஆணையம் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது என்றால், நிலைமையை நீங்களே ஊகிக்கலாம். விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் திறப்பில்லாத அலுமாரி மாதிரித்தான்.

நமது பிரச்சினை இன்னும் ஒரு படி சிக்கலானது. இலங்கையில் அனுமதியுடன் நடக்கும் டயலொக் டிவி இருக்கிறது. அதன் பெட்டி பழுதானால் கேட்பதற்கு ஒரு காரியாலயம் உண்டு. சன் டைரக்ட், டாட்டா ஸ்கை (2022 முதல் டாட்டா பிளே) போன்ற இந்தியப் பெட்டிகள் இந்தியாவில் பாவிப்பதற்கென்று கொடுக்கப்படுபவை. ஏதோ ஒரு இந்திய முகவரியில் பதிவானவை. கொம்பனியின் கணக்கில் தெரணியகலை என்ற ஊரே இல்லை. 2010 ஜூலையில் இன்சட் 4பி செய்மதியில் மின்சக்திக் கோளாறு ஏற்பட்டுப் பாதி அலைவரிசைகள் நின்றன. சன் டைரக்ட் 93.5 பாகையில் இருந்த அந்தச் செய்மதியை விட்டு 91.5 பாகையில் இருந்த மீசட் 3க்கு மாறியது. வெறும் இரண்டு பாகைதான்; ஆனாலும் டிஷ்ஷைத் திருப்பாமல் படம் வராது. தமிழ்நாட்டில் அதற்குக் கொம்பனியிடம் ஆள் கேட்கலாம். இங்கே யாரிடம் கேட்பது? டிஷ் பூட்டுகிற தம்பியைத் தேடிப் பிடித்து, அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

ரீசார்ஜும் அப்படியே. 2022 மார்ச்சுக்கு முன் ஒரு இந்திய ரூபாய் நமது காசில் ஏறத்தாழ 2.70 ஆக இருந்தது. மே மாதத்தில் 4.60ஐத் தாண்டியது. இந்தியாவில் விலை ஒரு சதமும் ஏறாமலே நமது லயத்தில் விலை ஏறியது. பெட்டி சொந்தம் என்பதால் இதிலிருந்து தப்ப முடியவில்லை.

இனி மழையும் இடியும். செய்மதியிலிருந்து வரும் இந்த அலை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமே உள்ளது. பெருமழையில் துளிகள் அதை விழுங்கிவிடும்; படம் கட்டம் கட்டமாக உடையும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நமது மலைகளில் இது வழமை. பெட்டி பழுதில்லை, மழை விட்டால் வரும். அதற்காக எவருக்கும் "ரிப்பேர்" காசு கொடுக்க வேண்டாம். மின்னல்தான் வேறு விதம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையில் ஒரு நொடியில் பெட்டி போய்விடும். வானம் இருண்டதும் மின்சாரச் செருகியையும் டிஷ் கம்பியையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவதில் பயனில்லை.

வாடகையா சொந்தமா என்பதற்கு விடை இந்த மின்னலில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு எடுத்துக்காட்டு. பெட்டியின் விலை 12,000 ரூபா என்றும் வாடகை மாதம் 500 என்றும் வைத்துக்கொள்வோம். 24 மாதத்தில் வாடகை விலையைத் தொட்டுவிடும். பெட்டி ஐந்து வருடம் உழைத்தால் வாங்கியவருக்கு 18,000 ரூபா மிச்சம். பத்தாவது மாதத்தில் இடி விழுந்தால் வாங்கியவருக்கு 12,000 நட்டம். வாடகைக்காரர் 5,000 கொடுத்ததோடு நிற்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை: இடி விழுந்தால் நட்டம் கடைக்காரருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். "பழுதானால் நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்று சொல்லி வாடகையும் வாங்கினால், சொந்தக்காரனின் சுமையையும் வாடகைக்காரனின் சுமையையும் ஒருவரே சுமக்கிறார். அதற்கு ஒருபோதும் சம்மதிக்கக்கூடாது.

மாதக் காசே இல்லாத வழி ஒன்றும் உண்டு. இந்திய அரசு 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, பிறகு டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர் மாற்றிய சேவை அது. பெட்டியை ஒருமுறை வாங்கினால் போதும். பெரும்பாலானவை இந்திச் சேவைகள், தமிழ் குறைவு என்பதால் நம்மவர்கள் விரும்புவதில்லை. அதில் தப்புமில்லை.

இடம் மாறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் இருக்கும் லயம் நமது பெயரில் இல்லை. தோட்டத்தை நடத்தும் கொம்பனிகளே 2045 வரை அரசிடம் குத்தகைக்கு எடுத்தவைதான். ஏழு பேர்ச் காணியில் வீடு கிடைத்துப் போகிறவர்களும், பிள்ளைகளோடு அவிசாவளைக்கோ கொழும்புக்கோ போகிறவர்களும் டிஷ்ஷைக் கழற்றி மறுபடி பூட்ட என்ன செலவு, வைப்புப் பணம் எப்போது திரும்பும் என்பதை எடுக்கும்போதே கேட்க வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் கடைக்காரர் சிரித்து மழுப்புவார். ஒரே லயத்தில் பத்து வீடு சேர்ந்து போய்க் கேட்டால் எழுதித் தருவார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது டிஷ் வாங்கிய ரசீதை ஒவ்வொருவரும் கொண்டுவாருங்கள். ரசீதே இல்லாதவர்கள், கொடுத்த தொகையையும் திகதியையும் கடையின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை வீட்டுப் பெட்டி உண்மையிலேயே வீட்டுக்காரருடையது என்று எண்ணிப் பார்ப்போம்.