நீரிழிவும் செவிவழியும்

நீரிழிவென்றவுடன் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் நினைப்பார் பலர். செவியை நினைப்பார் சிலரே. தமிழ் பயிலும் மாணாக்கர் மருத்துவத்துட் புகுதல் தகுமோவென நண்பர் வினவக்கூடும். எம் பாட்டனார் பொருட்டே இதனை ஆராயத் தொடங்கினோம். இருபதாண்டுகளாக நீரிழிவுடைய அவர், தனித்திருக்கையில் யாம் படிக்குஞ் செய்யுளிற் பிழைதிருத்துவார். உறவினர் பலர் கூடிப் பேசுங்காலோ வினாவொன்றிருக்க விடைவேறு பகர்வார். பராமுகமெனக் கருதி வீட்டார் அனைவரும் கடிந்துகொண்டோம். தவறு எம்முடையதே.

செவியிற் புகும் ஒலி, நத்தைக்கூட்டினை யொத்த உட்செவிச் சுருளிலுள்ள மயிரணுக்களால் நரம்புக்குறிப்பாக மாறுகின்றது. கேட்டல் அங்கு முடிவதன்று, தொடங்குவதே. அக்குறிப்பு எட்டாம் மூளைநரம்பின் வழியே மூளைத்தண்டினை யடைந்து, ஆண்டுள்ள நரம்பணுத் திரள்களிற் கைமாறி, நடுமூளையையும் தலாமஸ் என்னும் பகுதியையுங் கடந்து மூளைப்புறணியைச் சேரும். இருசெவிக் குறிப்புகளும் மூளைத்தண்டில் ஒப்பிடப்படுதலாலேயே ஒலியின் திசையை அறிகின்றோம். இரைச்சலிடையே ஒருவர் குரலைப் பிரித்தெடுத்தற்கும் அது துணையாகும்.

இரத்தத்திற் சர்க்கரை நெடுங்காலம் மிக்கிருப்பின், நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் தடிக்கும். நரம்பிழைகளைப் போர்த்துள்ள மயலின் உறையும் கேடுறும். உறை குன்றிய நரம்பிற் செய்தி மெல்லவே செல்லும். உட்செவியை ஊட்டுங் குழாய்களும் கெடுமாதலின், செவியும் வழியும் ஒருங்கே தளர்தலுமுண்டு.

செவிகுன்றலுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஜோர்டாவோ என்னும் மருத்துவர் 1857-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், தாழ்ந்த, நடுத்தர ஒலிகளைக் கேட்டலிற் குறையுடையார் நீரிழிவாளருள் நூற்றுக்கு 21 பேர், பிறருள் 9 பேர் எனக் காணப்பட்டது. ஆயினும் அது தனியொலிகளைக் கேட்பித்துச் செய்த சோதனை. வழியின் தளர்ச்சியை அது காட்டாது.

வழியை அளக்கும் முறையை 1971-இல் ஜூவெட், வில்லிஸ்டன் என்னும் இருவர் விரித்துரைத்தனர். தலையில் மின்வாய்களை ஒட்டி, 'டிக்' என்னும் ஓசையைப் பன்முறை செவியில் எழுப்பின், ஒவ்வோர் ஓசைக்கும் 10 மில்லி விநாடிக்குள் ஐந்து அலைகள் வரிசையாய்த் தோன்றும். முதலலை செவிநரம்பினுடையது, ஐந்தாவது நடுமூளையை அணுகுமிடத்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் இயல்பாக 4 மில்லி விநாடியளவே. நீரிழிவாளர் பலரிடத்து அது சற்று நீண்டிருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர். தனியொலிச் சோதனையிற் குறையேதுமில்லாதாரிடத்தும் இந்நீட்சி காணப்படுதல் கருதற்பாலது. பேச்சு விளங்காமைக்கு இதுவே முழுக்காரணம் என்பது மிகையாகும், முதுமையும் உடன்நிற்கும். தமிழிலோ லகர ளகர ழகர வேறுபாடு மிக நுண்ணியது; சந்தையிரைச்சலில் அதனைப் பிரித்தறிதல் நற்செவியினர்க்கும் அரிதே!

பாட்டனாரைச் சோதித்த மருத்துவர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்குமாறும், முகத்தெதிரே ஒருவர்பின் ஒருவராய்ப் பேசுமாறும் கூறினார். இப்பொழுது உண்ணுங்கால் வானொலியை நிறுத்திவிடுகின்றோம். சென்ற விடுமுறையில், பேரர் பலர் சூழ்ந்திருக்க, எம் ழகரம் பிழைத்ததென அவரே இடைமறித்துத் திருத்தினார்.